மரத்துக்கு மதிப்பில்லை, விரிப்புக்குத்தான்: இடைக்கால ஐரோப்பாவின் பெஞ்சுத் துணிகள்

பல வருஷம் வெளிநாட்டில் கடல்கொள்ளையும் சண்டையுமாகத் திரிந்த மகன் வீடு திரும்புகிறான். சாதாரண மகன் இல்லை; நார்வேயின் அரசுரிமையைக் கேட்கப் போகும் ஓலாவ், பின்னாளில் புனிதர் பட்டம் பெற்றவர். சேதி கிடைத்த உடனே அம்மா ஓஸ்டா வேலை ஏவ ஆரம்பிக்கிறாள். நான்கு பெண்கள் கூடத்துச் சுவர்களில் திரை கட்டி, பெஞ்சுகளில் துணி விரிக்கப் போகிறார்கள். இரண்டு ஆண்கள் தரையில் வைக்கோல் பரப்புகிறார்கள். மேசை போட இரண்டு பேர், சாப்பாடு எடுத்து வைக்க இரண்டு பேர், பீர் சுமந்து வர இரண்டு பேர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் காட்சியை ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோர்ரி ஸ்டுர்லுசன் சுமார் 1230இல் எழுதினார். இருநூறு வருஷம் கழித்து எழுதியவருக்கு ஆள் கணக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அவர் காலத்து வாசகர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பெரிய விருந்தாளி வருகிறார் என்றால் அடுப்பங்கரைக்கு ஓடுவதற்கு முன்னால் துணிப்பெட்டியைத் திறக்க வேண்டும்.

இடைக்கால ஐரோப்பிய வீடு என்றதும் சினிமா பார்த்துப் பழகிய நமக்குக் கல்சுவர், தீவட்டி, மொட்டை மரமேசை என்றுதான் கண்ணில் நிற்கும். அந்தக் காலத்து உயில்களும் வீட்டுச் சாமான் பட்டியல்களும் காட்டுவது வேறு வீடு. மரச்சாமான்களை ஒரே வரியில் முடித்துவிட்டு, துணிகளை நிறம், படம், ஓரக்கரை, நீளம், பழசா புதுசா என்று வரிவரியாக எழுதியிருப்பார்கள். காரணம் எளிது. பெஞ்சும் முக்காலியும் கால்தாங்கி மேல் பலகை போட்ட மேசையும் உள்ளூர்த் தச்சர் செய்தவை. சில பென்ஸ் பெறும், அவ்வளவுதான். அதன் மேல் விரித்த துணிக்கு விலை ஷில்லிங் கணக்கில், பெரிய வீடுகளில் பவுண்டு கணக்கில். உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைச் சொன்னது துணி. மரம் சும்மா தாங்கியது.

பெரிய வீட்டின் கூடம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டால் மீதி புரியும். நாற்காலி ஒன்று இருக்கலாம். இருந்தால் அது வீட்டுத் தலைவருக்கு. மற்றவர்களுக்குப் பெஞ்சு. உயர்ந்த மேசைக்குப் பின்னால், சுவரை ஒட்டினாற்போல, முக்கியஸ்தர்கள் எல்லோரும் ஒரே பக்கம் கூடத்தைப் பார்த்தபடி உட்காருவார்கள். பரிமாறுகிறவர்கள் வந்து போக எதிர்ப்பக்கம் காலி. இந்த ஏற்பாட்டில் பெஞ்சும் அதன் பின்சுவரும் சேர்ந்து ஒரு மேடைக்காட்சி ஆகிவிடுகின்றன. சுவரில் தலைக்குப் பின்னால் தொங்கும் பின்திரை, கூடத்தின் இரு பக்கச் சுவர்களுக்கும் நீளமான பக்கத்திரைகள், பெஞ்சின் மேல் முழு நீளத்துக்கும் விரித்து முன்பக்கம் தொங்கவிட்ட விரிப்பு, அதன் மேல் வரிசையாகக் குஷன்கள். இங்கிலாந்து ஆவணங்களில் பெஞ்சு விரிப்பு ‘பேங்கர்’ என்று வரும். இவை எல்லாம் ஒரே நிறம், ஒரே படம், ஒரே ஓரக்கரையில் ஒரு தொகுப்பாக நெய்யப்பட்டன; தொகுப்பாகவே வாங்கப்பட்டு, தொகுப்பாகவே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. தரைக்கு மட்டும் எதுவும் கிடையாது, கோரையும் வைக்கோலும்தான். கிழக்கிலிருந்து கம்பளம் வந்தபோதுகூட அதை மேசை மேலும் அலமாரி மேலும் ஜன்னல் திட்டின் மேலும் போட்டார்களே தவிர, மிதிக்க மனசு வரவில்லை.

சரி, இவ்வளவு செலவழிக்கிறவர்கள் துணியை மரத்தோடு சேர்த்து ஆணி அடித்து நல்ல மெத்தை இருக்கையாகவே செய்திருக்கலாமே? செய்யவில்லை. ஏனென்றால் பிரபுக்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. நிலம் பல ஊர்களில் இருக்கும், விளைச்சல் அந்தந்த ஊர்க் களஞ்சியத்தில் இருக்கும். ஒரு மாளிகையில் சில வாரம் தங்கி, இருப்பைச் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டுப் பரிவாரத்தோடு அடுத்த மாளிகைக்குப் போய்விடுவார்கள். பெஞ்சு அங்கேயே கிடக்கும். துணி மட்டும் மடிக்கப்பட்டு, பெட்டியில் ஏறி, வண்டியில் பின்னால் வரும். வெறிச்சோடிக் கிடந்த கல்கூடத்தில் திரையை மாட்டி விரிப்பைப் போட்டுவிட்டால் அரை நாளில் அது பிரபுவின் கூடம். குளிர் இன்னொரு காரணம். கல்சுவரில் சாய்ந்து, ஈரம் ஊறிய பலகையில் உட்கார்ந்து ஜனவரியில் சாப்பிட்டுப் பார்த்தால்தான் தடித்த கம்பளித் துணியின் அருமை தெரியும்.

நகரத்து வீடுகளில் பெஞ்சே அசையும். 15ஆம் நூற்றாண்டு ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பக்கம்) ஓவியங்களில் இதைப் பார்க்கலாம். ராபர்ட் கேம்பின் பட்டறையோடு சேர்த்துச் சொல்லப்படும் மெரோட் பலிபீட ஓவியத்தில், இப்போது நியூயார்க்கில் இருப்பது, மரியாளுக்குப் பின்னால் ஒரு நீள பெஞ்சு இருக்கிறது. அதன் முதுகுச் சட்டம் முன்னும் பின்னும் திரும்பக்கூடியது. குளிர்காலத்தில் நெருப்பைப் பார்த்து உட்காரலாம்; கோடையில் சட்டத்தை மறுபக்கம் தள்ளிவிட்டு அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்காரலாம். உட்காரும் பக்கமே மாறுகிற இருக்கையில் மெத்தையை ஆணி அடித்தால் என்ன ஆகும்? அதனால் தனி விரிப்பு, தனிக் குஷன். 1438 தேதியிட்ட வெர்ல் ஓவியத்தில், இது மாட்ரிட்டில் இருக்கிறது, புனித பார்பரா கணப்பு அருகே சிவப்புக் குஷன் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாள். வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி ஓவியத்தில் எல்லோரும் கண்ணாடியையும் நாயையும் பார்ப்பார்கள். கண்ணாடிக்குக் கீழே சுவரோரம் சிவப்புக் குஷனும் சிவப்புத் துணியும் இருப்பதை ஒரு முறை தேடிப் பாருங்கள். இத்தாலியிலிருந்து வந்து ப்ரூஜில் காசு பார்த்த வணிகர் குடும்பம் அது.

துணிக்கு இருந்த கௌரவத்தை ஒரே ஆவணத்தில் பார்க்க வேண்டும் என்றால் நான் கறுப்பு இளவரசர் என்று பெயர் பெற்ற எட்வர்டின் உயிலைத்தான் எடுப்பேன். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் மூத்த மகன், பிரான்ஸில் பெரும் போர்களை ஜெயித்தவர். நீண்ட நோய்க்குப் பிறகு 1376 ஜூன் 7 அன்று பிரெஞ்சு மொழியில் உயில் எழுதினார், மறுநாள் இறந்தார். கையில் ஒரு நாள் மிச்சம் இருந்த மனுஷன் துணிகளைப் பிரித்துக் கொடுத்திருக்கும் நுணுக்கத்தைப் பாருங்கள். மனைவி ஜோனுக்குக் கழுகும் கிரிஃபினும் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை மிருகம்) தையல் வேலை செய்த சிவப்புக் கம்பளித் தொகுப்பு. ஒன்பது வயது மகன் ரிச்சர்டுக்கு, சலாவுதீன் கதை நெய்த அராஸ் நகரத் தொகுப்பு ஒன்றும் கடற்கன்னிகள் தைத்த தொகுப்பு ஒன்றும். கான்டர்பரி தேவாலயத்துக்குக் கறுப்பு நிறத் தொகுப்பு: அவருடைய சின்னமான தீக்கோழி இறகுகள், சிவப்பு ஓரம், அதில் பெண்தலை வைத்த அன்னப்பறவைகள். அந்தத் தொகுப்பில் என்னென்ன இருக்கின்றன என்றும் எண்ணிச் சொல்கிறார்: பின்திரை ஒன்று, பக்கத்திரைகள் எட்டு, பெஞ்சு விரிப்புகள் இரண்டு.

இதுவரை விருந்துக்கூடத்தில் கிடந்த துணிகள் இவை. குழம்பும் மதுவும் சிந்தியிருக்கும், எத்தனையோ பிரபுக்கள் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். இவற்றைத் தேவையான அளவுக்கு வெட்டித் தலைமைப் பலிபீடத்தைச் சுற்றிக் கட்டச் சொல்கிறார். மிச்சம் இருந்தால் அங்கே கொல்லப்பட்ட பேராயர் புனித தாமஸ் பெக்கெட்டின் உடல் இருக்கும் பலிபீடத்துக்கு, அப்புறம் அவர் தலை இருக்கும் பலிபீடத்துக்கு, அப்புறம் 1170இல் அவரை வெட்டிய வாளின் முனை இருக்கும் பலிபீடத்துக்கு. சாப்பாட்டுக் கூடத்துத் துணி சாமி காரியத்துக்குப் போவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. இறந்தவரின் சின்னம் எல்லோர் கண்ணிலும் படும். பார்த்தவர்கள் அவர் ஆன்மாவுக்காக ஜெபிப்பார்கள். கணக்கு அதுதான்.

இவை நெய்யப்பட்ட விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். பவானி ஜமுக்காளத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி: குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூல் நெருக்கமாக அடிக்கப்பட்டு, நீளவாக்கில் கட்டிய பாவு நூல் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். ஐரோப்பியப் படத்திரையிலும் (படம் நெய்த திரை, ஆங்கிலத்தில் டேப்பஸ்ட்ரி) அதே கதைதான். ஆனால் அங்கே ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடுவதில்லை. ஒவ்வொரு நிறமும் தனித்தனிச் சிறு குச்சியில் சுற்றப்பட்டு, அந்த நிறம் வேண்டிய இடத்தில் மட்டும் போய்த் திரும்பும். முயலின் காதுக்கு வெள்ளை பத்துப் பாவு போய்த் திரும்பும். அதை ஒட்டிப் பின்னணிப் பச்சை இன்னொரு குச்சியில் வரும். இரண்டு நிறமும் நேர்க்கோட்டில் சந்திக்கும் இடத்தில் சிறு கிழிசல் போல ஓர் இடைவெளி விழும். அதைப் பிறகு ஊசியால் தைத்து மூட வேண்டும். இப்படி நெய்தால் ஒரு பெஞ்சு விரிப்புக்கு எத்தனை வாரம் ஆகும் என்பதை யோசித்தாலே விலைக்குக் காரணம் புரியும்.

படத்தைப் பெரும்பாலும் பக்கவாட்டில் படுக்கப்போட்டு நெய்தார்கள். அதாவது தறியின் அகலம்தான் தொங்கவிடும்போது துணியின் உயரம். ஆகவே ஒரு மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள சிறு தறியிலேயே எத்தனை மீட்டர் நீளமும் நெய்துகொண்டு போகலாம். வீட்டுக்குள் வைக்கும் தறி, ஒன்றிரண்டு பேர் உட்காரும் தறி, அதில் வருவது பெஞ்சுக்கும் பெஞ்சின் பின்சுவருக்கும் அளவெடுத்த மாதிரியான நீளப் பட்டை. அரசவைகளுக்கான பிரம்மாண்டத் திரைகள் அராஸ், டூர்னே நகரங்களில் பெரிய பட்டறைகளில் தயாராகின. பாசெல், ஸ்ட்ராஸ்பூர்க் போன்ற ரைன் நதிக்கரை நகரங்களில் 15ஆம் நூற்றாண்டில் நெய்யப்பட்டவை இந்தச் சிறு வகை.

எனக்குப் பிடித்தவையும் இந்தச் சிறு வகைதான். பாசெல் வரலாற்று அருங்காட்சியகத்தில் இவற்றை நிறைய வைத்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் ரோமம் மூடிய காட்டு மனிதர்களும் காட்டுப் பெண்களும், இலையும் பூவும் அடர்ந்த பின்னணியில், விசித்திர மிருகங்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இன்னொன்றில் தோட்டத்தில் காதலர்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் காற்றில் நெளியும் துணிப்பட்டையில் அவர்கள் பேசும் வசனம், அந்த ஊர்ப் பேச்சுமொழியில். உலகம் ஏமாற்றுகிறது, உண்மை அன்பைக் காண்பது அரிது, நான் காட்டோடு இருந்துவிடுகிறேன் என்கிற ரீதியில் போகும். படிப்படியாகப் பணம் சேர்த்து நகரமன்றத்தில் இடம்பிடித்த வணிகர்கள், தங்கள் குலச்சின்னத்தையும் மனைவி வீட்டுச் சின்னத்தையும் மூலையில் நெய்யச் சொல்லி, காட்டு மனிதனின் நேர்மையைப் பற்றிய வசனத்துக்கு முன்னால் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

பணம் புழங்கும் இடத்தில் கலப்படமும் வரும். லண்டனில் படத்திரை நெசவாளர்களுக்குத் தனிச் சங்கம் இருந்தது. 1374இல் ஃபின்ச் லேனில் குடியிருந்த கேத்தரின் என்ற பெண்ணின் மீது சங்கத்தினர் வழக்குக் கொண்டுவந்தார்கள். நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர் என்று அவர் பெயரிலிருந்து தெரிகிறது. அராஸ் பாணியில் அவர் நெய்த பக்கத்திரை, 4 கஜம் நீளம், ஒன்றே முக்கால் கஜம் அகலம். குற்றம் என்ன? உள்ளே லினன் (ஆளிச்செடி நார்) நூல், மேலே மட்டும் கம்பளி. பார்த்தால் தெரியாது, ஊடை பாவை மூடிவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா, ஏமாற்று அங்கேதான் ஒளிந்துகொள்கிறது. துணியை எரித்துவிட வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டார்கள். வெளியூர்க்காரி, அதிலும் பெண், நல்ல வேலை தெரிந்தவள், குறைந்த விலைக்கு நெய்கிறாள் என்கிற எரிச்சலும் இந்த வழக்கில் கலந்திருக்கும் என்பது என் சந்தேகம். சங்கத்தின் நோக்கம் முழுக்க முழுக்க வாடிக்கையாளர் நலன்தான் என்று நம்புவது கஷ்டம்.

குஷன் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. 1495இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. மெத்தை, குஷன்களில் குதிரைமயிர், மாட்டுமயிர், மான்மயிர், ஆட்டுமயிர் அடைத்துச் சந்தைகளில் விற்கிறார்கள். அது சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய மயிர். மனித உடம்பின் சூடு பட்டதும் சகிக்க முடியாத நாற்றம் எழுந்து நோய் பரப்புகிறது, அரசரின் குடிகள் பலர் அதனால் மாண்டே போனார்கள் என்று சட்டத்தின் வாசகம் போகிறது. தோல் பதனிடும் இடத்தில் சுரண்டி எறிந்த மயிரைச் சும்மா அள்ளிவந்து அடைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். செத்துப்போனார்கள் என்பது கொஞ்சம் மிகையாக இருக்கலாம், நாற்றம் மிகையாக இருக்காது. இனி குஷனில் சுத்தமான கம்பளியோ சுத்தமான கம்பளித் துகளோ மட்டும்தான் இருக்க வேண்டும், இரண்டையும் கலக்கவும் கூடாது என்றது சட்டம். சொந்த வீட்டுக்கு என்ன வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கும் வைத்தார்கள்.

இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், சந்தையில் குஷன் வாங்கும் கூட்டம் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். பிரபுக்கள் சந்தையில் குஷன் வாங்குவதில்லை. யார் வாங்கினார்கள்? யார்க் பல்கலைக்கழக வரலாற்றாளர் ஜெரமி கோல்ட்பர்க், இடைக்கால இங்கிலாந்தின் வீட்டுச் சாமான் பட்டியல்களை நகரம், கிராமம் என்று பிரித்து ஒப்பிட்டார். கிராமத்து விவசாயி பணத்தைக் கருவிகளிலும் பாத்திரங்களிலும் போடுகிறார்; நகரத்துக் கைவினைஞரும் வணிகரும் படுக்கை, குஷன், வெள்ளி ஸ்பூன் என்று போகிறார்கள். கையில் காசு இருக்கிற விவசாயி வீட்டிலும் குஷன் அபூர்வம். ஆக, குஷன் வசதியின் அடையாளம் என்பதைவிட ‘நாங்கள் டவுன்காரர்கள்’ என்பதன் அடையாளம்.

பராமரிப்பும் சும்மா இல்லை. 1393 வாக்கில் பாரிஸில் வயதான கணவர் ஒருவர், 15 வயதில் தனக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குக் குடும்பம் நடத்தும் வழிமுறைகளை நீளமாக எழுதி வைத்தார். விடிந்ததும் வேலைக்காரப் பெண்கள் முன்கூடத்தைப் பெருக்க வேண்டும், கால்பலகைகளையும் பெஞ்சு விரிப்புகளையும் தூசி தட்டி உதற வேண்டும் என்று அதில் வருகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் உட்காரும் இடம் அது. அங்கே தூசி எழும்பினால் மானம் போகும்.

இன்னும் ஒரு படி மேலே போனவர் ஜான் ரஸ்ஸல். க்ளோஸ்டர் கோமகன் ஹம்ஃப்ரியிடம் வேலை பார்த்தவர். பெரிய வீட்டு ஊழியர்களுக்கான நடைமுறைகளை 15ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்யுளாக எழுதினார். எஜமானர் காலையில் எழுந்து வருமுன் கணப்பருகே நாற்காலியைக் குஷனோடு தயாராக வை என்கிறார், சரி. கழிவறைக்கும் வருகிறார். உட்காரும் பலகை முழுக்க நல்ல பச்சைத் துணி போர்த்த வேண்டும், மரம் வெளியே தெரியக் கூடாது. துளையின் மேல் அழகான குஷன் ஒன்றை வைக்க வேண்டும், வாடை யாரையும் சங்கடப்படுத்தாமல் இருக்க. மரம் கண்ணில் படவே கூடாது என்கிற பிடிவாதம் கழிவறை வரைக்கும் வந்துவிட்டது.

இதுவரை சொன்னது பெஞ்சில் உட்காருகிறவர்களின் கதை. ஸ்பெயினில் கதை வேறு. முஸ்லிம் ஆட்சிப் பகுதிகளின் பழக்கத்தைப் பார்த்துக் கிறிஸ்தவ அரசவைப் பெண்களும் கம்பளம் விரித்த தாழ்ந்த மேடையில், குஷன்களின் மேல் கால் மடக்கி உட்கார்ந்தார்கள். 17ஆம் நூற்றாண்டு தாண்டியும் இந்தப் பழக்கம் போகவில்லை. அங்கே குஷன்தான் இருக்கை. பூர்கோஸ் நகரத்துக்கு வெளியே உள்ள லாஸ் உவெல்காஸ் கன்னியர் மடத்தில், ஸ்பெயினின் கிறிஸ்தவ அரசுகளில் ஒன்றான காஸ்டீலின் அரச குடும்பத்தின் கல்லறைகள் இருக்கின்றன. 1246இல் இறந்த அரசி பெரெங்கேலாவின் தலைக்கு வைத்த குஷன் உறை சிவப்புப் பட்டு. நடுவில் தங்க நூலில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஆடிப்பாடும் இருவர், சுற்றிலும் அரபு எழுத்தில் அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை என்ற வாசகம். 1212இல் அல்மொஹாத் முஸ்லிம் படையைத் தோற்கடித்த மன்னர் எட்டாம் அல்ஃபோன்சோவின் மகள் இவர்! 1275இல் இறந்த இளவரசர் ஃபெர்னாண்டோ தெ லா செர்தாவின் கல்லறையில் கிடைத்த குஷன்கள் பட்டு நூலில் பின்னப்பட்டவை, நெய்தவை அல்ல. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னல் வேலைகளில் இவையும் அடக்கம். கழுகும் கோட்டையும் கட்டம் கட்டமாக வரும். ஓரத்தில் கூஃபி என்ற பழைய அரபு எழுத்து வடிவில் ‘பரக்கத்’ (அருள்) என்று திரும்பத் திரும்பப் பின்னியிருக்கிறார்கள். அரபு எழுத்துள்ள பட்டு என்றால் அந்தக் கால ஸ்பெயினில் முதல்தரச் சரக்கு, வாசகம் எந்த மதத்தது என்று யாரும் கவலைப்படவில்லை.

கவனித்தால் ஒன்று தெரியும்: இவை பிழைத்தது கல்லறைக்குள் இருந்ததால். இடைக்கால வீடுகளில் ஆயிரக்கணக்கில் புழங்கிய சாதாரண விரிப்பும் குஷனும் ஏறக்குறைய முழுதும் போய்விட்டன. உட்கார உட்காரத் தேயும், அந்து அரிக்கும், எலி கடிக்கும். தேய்ந்த விரிப்பை வெட்டி நான்கு குஷன் உறை தைப்பார்கள். உறை கிழிந்தால் ஒட்டுத்துணி. சுவரில் தொங்கியது தப்பித்த அளவுக்குப் பெஞ்சில் கிடந்தது தப்பிக்கவில்லை. அதனால் அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் தொங்கியவற்றைத்தான். பார்த்துவிட்டு, இடைக்கால மக்கள் துணியைச் சுவருக்காகத்தான் நெய்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கன்னியர் மடங்கள் இன்னொரு பாதுகாப்பான இடம். வட ஜெர்மனியில் லூனெபூர்க் அருகே லூனே மடத்துக் கன்னியர் 1500ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் லினன் துணியில் கம்பளி நூலால் பெரிய திரைகளும் நீள பெஞ்சு விரிப்புகளும் தைத்தார்கள். அடித்துணி கொஞ்சமும் தெரியாதபடி தையலே முழுப்பரப்பையும் மூடிவிடும். திருநாட்களில் மட்டும் எடுத்துப் போட்டு, மற்ற நாட்களில் பெட்டியில் வைத்தார்கள். மதச்சீர்திருத்தத்துக்குப் பிறகு அந்த மடங்கள் லூதரன் பெண்கள் மடங்களாக மாறித் தொடர்ந்தன; ஆகவே பெட்டிகளும் இடம் மாறவில்லை. கொஞ்ச தூரத்தில் உள்ள வீன்ஹவுசன் மடத்தில் இன்னும் பழையது இருக்கிறது: 1300 வாக்கில் தைத்த திரை, 4 மீட்டர் நீளம், அதில் வரும் கதை டிரிஸ்டனும் இசோல்டும். ஆம், கள்ளக் காதல் கதைதான், கன்னியர் மடத்தில்தான். 1953இல் அந்த மடத்தில் கன்னியர் பாடும் மண்டபத்தின் பலகைத் தளத்தைப் பெயர்த்தபோது, இடுக்குகளில் விழுந்து கிடந்த ஊசிகள், சிறு ஜெபப் புத்தகங்கள் எல்லாம் கிடைத்தன. கூடவே மூக்கில் இடுக்கிக்கொள்ளும் மரச்சட்டக் கண்ணாடிகளும். உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மூக்குக்கண்ணாடிகளில் அவை சேரும்.

பிழைத்தவற்றிலும் நிறம் மாறிவிட்டது. பச்சைக்குத் தனிச் சாயம் அப்போது இல்லை. வோட் என்ற செடியின் நீலத்தின் மேல் வெல்ட் என்ற செடியின் மஞ்சளை ஏற்றினால் பச்சை. மஞ்சள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும், நீலம் நிற்கும். பழைய திரைகளில் மரமும் புல்லும் நீலமாக இருப்பது நெசவாளியின் கற்பனை இல்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அசல் பச்சை பளிச்சென்று இருக்கும்.

துணி மரத்தோடு ஒட்டிக்கொண்டது 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான். பணக்காரர்கள் ஊர் ஊராகச் சுற்றுவது குறைந்தது, கணப்பும் புகைபோக்கியும் அறைக்கு அறை வந்தன, நாற்காலிகள் பெருகின. குதிரைமயிரை ஒழுங்காகச் சுத்தம் செய்து அடைத்து, மேலே துணியை இழுத்துப் பித்தளை ஆணி அடித்தார்கள். அப்புறம் பெஞ்சு விரிப்பு பெரிய வீட்டுப் பட்டியல்களிலிருந்து மெதுவாகக் காணாமல் போகிறது. வேலைக்காரர்களின் அறைக்குப் போகிறது, பிறகு அங்கேயும் இல்லை.

விவசாயிகளிடம் அது இன்னும் இருநூறு வருஷம் இருந்தது. தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனே பகுதியில் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுவரை பெண்கள் நெய்த பெஞ்சுக் குஷன்களிலும் வண்டிக் குஷன்களிலும் அதே ஊடை முறையும் அதே சிங்கம், மான், பூச்செடி உருவங்களும் வருகின்றன. முன்பக்கம் நெய்த படம், பின்பக்கம் சாதாரணக் கோடு போட்ட துணியோ தோலோ, உள்ளே இறகு. கல்யாணப் பெண் இவற்றைச் சீதனமாகக் கொண்டுபோவாள். எத்தனை குஷன் என்பதை ஊரே எண்ணும். கல்யாணத்தன்று வண்டியில் போட்டு, பண்டிகைக்குப் பெஞ்சில் போட்டு, முடிந்ததும் உதறிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். ஸ்வீடன் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இருப்பவை பல இன்றும் சிவப்பு மங்காமல் இருக்கின்றன. உட்கார்ந்த நாட்கள் அவ்வளவு குறைவு.